இரும்பு இல்லாத மூன்று பாட்டில்கள்

அன்பு மகள் சஃப்ரினுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வுடைய கிருபையால் வாப்பாவும் நானும் உன் மதினி ஆஷிகாவும் இங்கே சுகம், ஜெர்மனிக் குளிரில் நீயும் சுகமாக இருக்கவேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன். தினம் போனில் பேசுகிறவள் எதற்குத் தாளில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். உன் குரலைக் கேட்டால் எனக்கு வாய் எழவில்லை, அதனால்தான் எழுதி நானே போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.

சாரல் ஆரம்பித்துவிட்டது. குற்றாலத்தில் கூட்டம் அள்ளுகிறது, வாப்பா ரம்புட்டானும் மங்குஸ்தானும் விற்க அடுக்கிக்கொண்டு காலையில் போனால் இருட்டித்தான் வருகிறார், இருமல் விட்டபாடில்லை, குல்லாவை நனைய விடாதீர்கள் என்றால் கேட்பதில்லை. ஆஷிகாவுக்கு ஐந்தாம் மாதம், சோற்றைக் கண்டாலே குமட்டுகிறது. ரத்தம் குறைவு என்று நர்ஸ் மாரிச்செல்வி வந்து இரும்புச் சத்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறாள். பிரசவத்துக்கு துபாயிலிருந்து வந்துவிடுவேன் என்று உன் அண்ணன் ரிஃபாத் சொல்லியிருக்கிறான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீ லீவில் வந்தபோது உன் ஆராய்ச்சிப் படிப்புக்காக மாடி அறையில் வைத்துவிட்டுப் போன கத்தரிச்செடி பாட்டில்கள் பற்றித்தான். மண்ணே இல்லாமல் சத்துத் தண்ணீரில் வேரைத் தொங்கவிட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு சத்தை மட்டும் நிறுத்திப் பார்க்கிறேன், நான் கலக்கி வைத்ததைத் தவிர ஒரு சொட்டு ஊற்றக்கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னாய். நீ போனபிறகு ‘இரும்பு இல்லை’ என்று எழுதி ஒட்டிய மூன்று பாட்டிலிலும் குருத்து வெளுத்துக்கொண்டே வந்தது, நரம்பு மட்டும் பச்சை. கீழே ஆஷிகா வெளுத்துப்போய்ப் படுத்திருக்கிறாள், மேலே இதுகளும் அப்படியே நிற்கிறது. அவள் விழுங்க முடியாமல் ஜன்னலில் வைத்திருந்த மாத்திரையை எடுத்து நுணுக்கிக் கரைத்து ஊற்றிவிட்டேன். ஒன்றுக்குக் கொடுத்து மற்றதைப் பட்டினி போட மனசு கேட்கவில்லை, மூன்றுக்கும் பங்கு வைத்தேன். சில நாளில் குருத்து பச்சை கட்டியது. பிள்ளைக்குக் காய்ச்சல் விட்ட மாதிரி சந்தோஷம் எனக்கு, உடனே உனக்குப் போட்டோ அனுப்பினேன், மாத்திரையை மட்டும் சொல்லவில்லை.

நீ போனில் கத்தியே விட்டாய். நம்ம ஊர்க் கத்தரி இரும்பு இல்லாமலே தேறி வருது உம்மா, எங்க சாரே அசந்துட்டாரு, மீட்டிங்ல நான்தான் பேசப்போறேன் என்றாய். அங்கே போனபிறகு நீ அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை. வேற எதுவும் ஊத்தலியே உம்மா என்று நல்லபடியாகக் கேட்கவும் செய்தாய். நான் ஊத்துவேனா ஏட்டி என்று சிரித்து மழுப்பினேன். மாத்திரை போட்டது புத்தியில்லாமல் செய்தது, இது தெரிந்தே சொன்ன பொய். போதாததற்கு என் மகள் பெரிய கண்டுபிடிப்பு கண்டுபிடித்துவிட்டாள் என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு வேறு திரிந்தேன். இப்போது அவர்கள் உன்னை விசாரித்தால் எனக்கு உடம்பு கூசுகிறது. உன்னைப் பெற்ற நானே உன் படிப்பில் கை வைத்துவிட்டேனே என்று வெட்கமாக இருக்கிறது மகளே. நேற்று வாப்பாவிடம் சொல்லி அழுதேன். அவர் சத்தம் போடவில்லை. ஏட்டி, அவ அத்தன பேரு முன்னால நின்னு பேசின பொறவு தெரிஞ்சா பிள்ள எங்கன போயி முழிப்பா, இன்னைக்கே சொல்லிரு என்றார்.

போன வாரமே அந்த மூன்று பாட்டிலையும் கொட்டி, நீ வாங்கி வைத்த கேன் தண்ணீரில் கழுவி, நீ கலக்கி வைத்ததையே மறுபடி ஊற்றிவிட்டேன். பழைய இலை பச்சையாகவே இருக்கிறது, புதிதாக விரிகிற குருத்து மூன்றிலும் மஞ்சள். அந்தப் போட்டோவும் இதோடு வருகிறது, உங்கள் சாரிடம் காட்டு. எங்கள் உம்மா மாத்திரை போட்டுவிட்டாள், கேட்டதற்குப் பொய்யும் சொல்லிவிட்டாள் என்று என் பெயரைச் சொல்லியே சொல். சிரித்தால் என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும், உன் பேச்சை யாரும் சந்தேகப்படக் கூடாது. மாடிக்குப் போனால் இன்னும் எனக்குக் கை பரபரக்கிறது. அதனால் மாத்திரையை எல்லாம் ஆஷிகாவின் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை அவளிடமே கொடுத்துவிட்டேன்.

அல்லாஹ் உன் படிப்பில் பரக்கத் தருவானாக, உன்னைத் தலைநிமிர்ந்து நிற்க வைப்பானாக. வேளைக்குச் சாப்பிடு. மீட்டிங்குக்கு முன்னாலேயே சாரிடம் சொல்லிவிடு, மறந்துவிடாதே. சொல்லிவிட்டு எனக்குப் போன் போட்டு, கோபம் தீரும்வரை திட்டு. நான் போனை வைக்கமாட்டேன்.

இப்படிக்கு,
உன் உம்மா
சைதூன் பீவி
தென்காசி