ஆற்றாமல் அடைத்த நெல்லிச்சாறு

பாசமுள்ள மகள் பானுப்பிரியாவுக்கு, கள்ளிக்குப்பத்திலிருந்து அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் சுகம், அவருக்கு முட்டிவலி மட்டும் மழை வந்தால் எட்டிப் பார்க்கிறது. துபாயில் நீயும் மாப்பிள்ளையும் என் தங்கம் ரோஷினியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேண்டும் என்று அம்மனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். ரோஷினி கணக்கில் முதலாவதாக வந்ததைத் தெருவில் ஒருவரை விடாமல் சொல்லிவிட்டேன், தண்ணி கேன் போடுகிறவருக்குக்கூடத் தெரியும்.

போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், அதனால் எழுதுகிறேன். எங்கள் மகளிர் குழு பக்கத்து ஃப்ளாட்டுக்குக் கொடுத்த நெல்லிச்சாறு பத்தே நாளில் இளம்பச்சை போய் டீத்தண்ணி மாதிரி ஆகி, முப்பது பாட்டிலும் திரும்பி வந்தது உனக்குத் தெரியும். "இன்னாத்துக்கும்மா இந்த வயசுல, வுட்டுத் தொலையேன்" என்றாய். ஃப்ளாட்டுச் செயலாளர் ஜெகதீஷ் தம்பி, "ஒரு சிட்டிகை பச்சைக் கலர் போடுங்கம்மா, யாருக்குத் தெரியப்போவுது" என்றார். எனக்குத் தெரியுமே தம்பி என்றேன். இன்னொரு தடவை கொண்டுவருகிறேன், அதுவும் கறுத்தால் இந்த வாசலை மிதிக்கமாட்டோம் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஐந்து பொம்பளைகளுக்கும் விற்க அந்த ஒரு வாசல்தான் இருக்கிறது பானு, எப்படி விடுவேன்.

வந்த வேகத்தில் குழுவில் இருக்கிற எதிர்வீட்டு ராணியைத்தான் திட்டினேன். சாறு சூடானதும் நான் பால் ஆற்றுகிற மாதிரி இரண்டு பாத்திரத்தில் தூக்கித் தூக்கி ஆற்றி, நுரை அடங்கினபிறகுதான் பாட்டிலில் ஊற்றுவேன், அதில் எனக்குக் கர்வமும் உண்டு. அவள் பாட்டில் அடைத்த அன்றைக்குக் கம்பெனி பஸ் வந்துவிட்டது என்று மிச்சத்தை ஆற்றாமல் சூட்டோடு ஒரு பாட்டிலில் வாய்வரை ஊற்றி, மூடிவிட்டு ஓடினாள். அது ஃப்ளாட்டுக்குப் போகவில்லை, அலமாரியிலேயே இருந்தது. சோம்பேறி, உன் கை பட்டுத்தான் எல்லாம் கெட்டது என்றேன். அவள் அதை எடுத்துவந்து என் முன்னால் வைத்து, "பாரு பெரீம்மா, நானு ஆத்தாம அடச்சது ஒண்ணுதான் பச்சையா கீது, நீ ஆத்து ஆத்துன்னு ஆத்துனதெல்லாம் பூட்ச்சு" என்றாள். பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன், பச்சையாகத்தான் இருந்தது. பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்தும் கிருஷ்ணப்பிரியா டீச்சரிடம் கேட்டால், ஆற்ற ஆற்றக் காற்று கலந்து நிறமும் போகும், வைட்டமின் சியும் போகும் என்றார்.

மறுபடி பழம் வாங்கினோம். கொதிக்கவிடாமல் ஓரத்தில் குமிழ் கட்டும்போதே இறக்கி, வெந்நீரில் போட்டெடுத்த பாட்டிலில் வாய்வரை ஊற்றி மூடி, முதலில் வெதுவெதுப்பான தண்ணீரிலும் பிறகு பச்சைத்தண்ணீரிலும் நிறுத்திச் சீக்கிரம் சூடு தணித்து, வெளிச்சம் படாமல் கோணி போர்த்தி வைத்தோம். என் கை பழக்கத்தில் இரண்டு தடவை பாத்திரத்தைத் தூக்கிவிட்டது, ராணி "கீழ வையி" என்று அதட்டினாள், வைத்தேன். இருபது நாள் கழித்து ஜெகதீஷ் முன்னால் திறந்தோம், நிறம் அப்படியே நின்றது. கலர் போட்டீங்களா என்று கேட்டார். குடித்துப் பாருங்கள் என்றேன், முன்னால் கெட்டது என் கையால்தான் என்பதையும் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். இனி ஞாயிற்றுக்கிழமைதோறும் வாசலில் மேசை போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

ஆகையால் விடுவதாக இல்லை. ரோஷினிக்குப் பழச்சாறு பிழிந்தால் உடனே கொடு, காலையில் பிழிந்துவைத்துச் சாயங்காலம் கொடுக்காதே. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நூறு வயது இருங்கள். பாட்டில் அடைக்கும் பொறுப்பை ராணியிடமே கொடுத்துவிட்டேன், நான் கொட்டை நீக்கிக் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா,
வே. வேம்புலியம்மாள்