பட்டறையிலிருந்து வரும் இரைச்சல்

ஜூன் 2, திங்கள்

பின்னால் இதைப் படிக்கப்போகும் சாமுவேலு, அதாவது நானே, மன்னித்துக்கொள். எழுத்து கோணல்தான். நேராகத் தொடங்கும் வரி, முடிவதற்குள் மலை ஏறிவிடுகிறது. எழுபத்திரண்டு வயதில், முதியோர் வகுப்பில் கிருபா டீச்சர் சொல்லிக்கொடுத்த எழுத்து. ஆனாலும் என் எழுத்து. ஜன்னலைப் பெட்டிகள் அடைத்துவிட்டதால் பகலிலும் லைட்டைப் போட்டுத்தான் எழுதுகிறேன். படிப்பதற்கென்றே தீபாவளிக்கு வாங்கிய எல்இடி. பால் மாதிரி வெளிச்சம். விரல் வலிக்கிறது. போதும்.

ஜூன் 5, வியாழன்

பெட்டி என்றால் வால்வு ரிசீவர், பழைய காலத்து ரேடியோ. நான்கு இருக்கின்றன. மூன்று உதிரிப் பாகத்துக்கு. நான்காவது பட்டாளத்திலிருந்து வந்த பச்சைப் பெட்டி. இருவர் சேர்ந்து தூக்க வேண்டும். பழைய இரும்புக் கடையில் எடுத்து, கெட்ட கண்டென்சர்களை மாற்றி, துருவைச் சுரண்டி, உயிர் கொடுத்தேன். மோட்டாருக்குக் காயில் கட்டிப் பிழைத்தவன் நான். ரெசிஸ்டரை நிறம் பார்த்தே சொல்வேன், அதற்கு எழுத்து தேவைப்படவில்லை. முகப்பில் இருப்பது இங்கிலீசு. அதைப் படிப்பது அடுத்த வருஷம்.

வால்வுகள் அழகாகச் சிவக்கின்றன. கேட்பதோ வெறும் இரைச்சல். போன வருஷம் நன்றாகத்தான் கேட்டது. பக்கத்துப் பட்டறையில் ரவிக்குமார் புது லேத் மெஷின் இறக்கிய பிறகுதான் இப்படி. சொன்னால் சிரிக்கிறான்.

மாசக் கடைசியில் மகள் பொற்கொடி பிரசவத்துக்கு வருகிறாள். வீட்டுக்காரி ராசம்மாள் முடிவாகச் சொல்லிவிட்டாள். "புள்ளைக்கு இந்த ரூம் வேணுமுங்க. பேசற பெட்டின்னா இருக்கட்டும். கத்தற பெட்டி இரும்புக் கடைக்குப் போகட்டும்."

அவள் சொன்னால் சொன்னதுதான். உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

படித்துவிட்டேன்! டீச்சர் பழகக் கொடுத்த பேப்பரில் நம் ஊர்ப் பெயர். பெ-ரி-ய-நா-யக்-கன்-பா-ளை-யம். புதன்கிழமை காலை ஒன்பது முதல் நாலு வரை மின்தடை. அன்றைக்கு ஒரு மோட்டாரும் ஓடாது. ரிசீவரைப் பேட்டரியில் ஓட்டிவிட்டால்? வால்வு சூடாக ஆறு வோல்ட் பேட்டரி ஒன்று போதும். மற்றதற்குச் சின்ன ஒன்பது வோல்ட் பேட்டரிகளை மாலை மாதிரி கோத்துக்கொள்ளலாம். இன்வெர்ட்டர் கூடாது, அதுவே கத்தும்.

ரவிக்குமாரிடம் போய்ப் படித்தே காட்டினேன். "பரவால்லீங்களே பெரியப்பா" என்றான். புதன்கிழமை ஆட்களுக்கு லீவு விட்டுவிட்டான்.

ஜூன் 11, புதன்

கரண்ட் போகவே இல்லை.

பேப்பர் போன மாசத்துப் பேப்பர். மேலே தேதி இருந்திருக்கிறது. நான் கீழேயே படித்துக்கொண்டிருந்தேன். ரவிக்குமார் பூட்டிய பட்டறை வாசலில் நின்று கேட்டான்: "ஏனுங்க பெரியப்பா, நாளைக்குச் சூரியன் உண்டுங்களா? பாத்துச் சொன்னீங்கன்னா தேவலை." தெருவே சிரித்தது. ராசம்மாளும்தான்.

ரண்டு நாளைக்கு வெளியவே போகமாட்டேன். போதும் படிச்சது.

ஜூன் 13, வெள்ளி

வெளியே போனேன். கடைப் பெயர்ப் பலகைகளைப் படிக்காமல் விட மனசில்லை.

ஜூன் 17, செவ்வாய்

ரவிக்குமார் வந்து போனை நீட்டினான். "வியாழக்கிழமை நெசமாவே கரண்ட் கட்டுங்க. நீங்களே படிங்க." படித்தேன். தேதியை முதலில் படித்தேன்.

ஜூன் 19, வியாழன்

நிதானமாக எழுத வேண்டும்.

ஒன்பதுக்குக் கரண்ட் போனது. தெரு அப்படியே அடங்கியது. வீட்டு ஸ்விட்சையெல்லாம் ராசம்மாள் அணைத்துவிட்டாள், கரண்ட் வரும்போது பல்பு போய்விடும் என்ற பயம். ரிசீவரை அறை வாசல் பக்கம் இழுத்து வைத்து, பேட்டரி மாலையைக் கொடுத்தேன். இரைச்சல் இல்லை. குமிழைத் திருப்பினேன். வாத்து கத்துவது போல் ஒன்று. இன்னொரு குமிழை நூலளவு அசைத்தேன். வாத்து மனிதனானது. "இங்க வால்பாறைல மழைங்க, ஏரியல் கட்ட முடியல" என்றது. யாரோ ஹாம் ரேடியோக்காரர், வீட்டிலிருந்தே ரேடியோவில் பேசுகிற ஆள். நானும் பதில் சொல்லிப்போட்டேன், அவருக்குக் கேட்காது என்பது மறந்து.

ராசம்மாள் அரிசி களைந்த கையோடு வந்து நின்றாள்.

நாலு மணிக்குக் கரண்ட் வந்தது. பட்டறையில் லேத் ஓடியது. அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டே ரிசீவரைக் கரண்டுக்கு மாற்றினேன். யாரோ மலையாளத்தில் பேசினார். தெளிவாக. லேத் ஓட ஓட! எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இருட்டும் வரை அதையே கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, எழுதலாமென்று நோட்டை எடுத்தேன்.

"கண்ணு கெட்டுப்போகுமுங்க" என்று ராசம்மாள் லைட்டைப் போட்டாள்.

இரைச்சல்.

"அம்மணி, அணை." அணைத்தாள். மலையாளம். "போடு." இரைச்சல். நாலைந்து தடவை. அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "கத்துனது ரவிக்குமாரு இல்லீங்க. உங்க பள்ளிக்கூடத்து லைட்டு."

தீபாவளிக்குத்தானே அவன் லேத்தும் வந்தது, இந்த லைட்டும் வந்தது. எனக்கு ஏன் தோன்றவில்லை? இந்த லைட்டில்தானே நான் 'அ' எழுதினேன்.

ஜூன் 21, சனி

ரிசீவர்களைச் சோதிக்க வைத்திருந்த குண்டு பல்பை அறையில் மாட்டிவிட்டேன். எல்இடி சமையலறைக்குப் போனது. அங்கிருந்தும் கத்துகிறது, ஆனால் அவள் சமைக்கும் நேரம் மட்டும்.

ஜூன் 28, சனி

பொற்கொடி வந்துவிட்டாள். உதிரிப் பெட்டிகள் மூன்றும் பரண் ஏறின. ஜன்னல் திறந்தது. பச்சைப் பெட்டி கட்டிலுக்கு எதிரே இருக்கிறது. "மஞ்ச வெளிச்சந்தான் பொறக்கற கொழந்தைக்குக் கூசாதும்மா" என்று மகளிடம் ராசம்மாள் சொல்கிறாள், தானே யோசித்து மாட்டியது போல.

சாயங்காலம் ரவிக்குமார் வந்தான். எலெக்ட்ரீசியனைக் கூட்டிவந்து லேத்துக்குப் புதுசாக எர்த் போட்டிருக்கிறான். எனக்காக. "இப்பக் கொறைஞ்சுதுங்களா பெரியப்பா?"

"கொறைஞ்சுது கண்ணு" என்றேன்.

பொய் இல்லை. குறைந்தது எர்த்தால் அல்ல, லைட்டை மாற்றியதால். ஆனால் அவன் அத்தனை சந்தோஷமாகப் போனான்.

குண்டு பல்பில் வரி தெரியவில்லை, மறுபடி மலை ஏறுகிறது. அடுத்த வாரம் பட்டறைக்குப் போய் உண்மையைச் சொல்லிவிட்டு, அவன் என்ன சொன்னான் என்பதை இங்கே எழுதுகிறேன். பகலில், ஜன்னல் ஓரமாக.