முட்டிவலித் தைலமும் என் ஞாயிறு பேச்சும்

மே 7, வியாழன்

காலையிலேயே வெக்கை. துபாயை ஒட்டிய எங்கள் ரோலா பகுதி முழுக்கத் தூசி. இடது முட்டி வலி.

ஞாயிறு தமிழ் அலுவலர் வட்டத்தில் என் பேச்சு. ‘கஞ்சா: வேலைக்குப் போகிறவர்களுக்கான அறிவியல்.’ செயலாளர் போன். மண்டை ஓட்டுப் படம் போட வேண்டுமாம். அந்தச் செடியிலிருந்து எடுக்கும் வலிப்பு மருந்து பற்றிய பக்கத்தை எடுத்துவிட வேண்டுமாம்.

“அண்ணே, நல்லதும் இருக்குன்னு சொன்னா வம்பு.”

“மறைச்சா, கேக்கறவன் நாளைக்கு வேற எங்கயாவது படிச்சுட்டு நான் சொன்ன மத்ததையும் நம்ப மாட்டான்.”

எடுக்கவில்லை. எடுக்கவும் மாட்டேன். எனக்கு டிகிரி இல்லை என்பதால்தான் இத்தனை திருத்தம். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஆராய்ச்சிக் கட்டுரை படித்தவன் நான்.

போன வருடம் எங்கள் ஆபீஸ் இன்ஜினியர் ஒருவர் லீவில் புகைத்துவிட்டு வந்தார். போதை தெளிந்ததும் உடம்பிலிருந்தும் போய்விட்டது என்று நம்பினார். சிறுநீர் டெஸ்டில் மாட்டி வேலை போனது. கொழுப்பில் தங்கி மெல்லத்தான் வெளியேறும் என்று ஒருத்தரும் அவருக்குச் சொல்லவில்லை.

வாங்க வேண்டியது: பால், கறிவேப்பிலை, கண்ணாடிக்கு ஸ்க்ரூ.

மே 8, வெள்ளி

லீவு. தோசை. என் மனைவி சரோஜா தன் தம்பி குணாவோடு போனில். குடும்பத்தோடு பாங்காக் போயிருக்கிறான். நான் அவனோடு பேசுவதில்லை. பொங்கல் விருந்தில் எல்லோர் முன்னாலும் என்னை ‘போன் விஞ்ஞானி’ என்றான். முதலில் பேச வேண்டியது அவன்.

போனை வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வந்தாள். “ஏங்க, தம்பி உங்க முட்டிக்குத் தைலம் வாங்கியிருக்கான். பச்சை டப்பாவாம். விரல் விரலா இலைப் படம் போட்டிருக்காம்.”

தோசையை வைத்துவிட்டு எழுந்தேன். அது கஞ்சா இலை.

இங்கே இது ஒரு வழக்கம். வெளிநாடு போனவன் கோபித்துக்கொண்டவர் வீட்டுக்குத்தான் முதல் சாமான் வாங்குவான். கையில் கொடுத்தால் சண்டை முடிந்தது. யாரும் மன்னிப்புக் கேட்க வேண்டாம். அந்த நல்ல எண்ணத்தோடுதான் அந்த முட்டாள் நாளை மதியம் துபாயில் இறங்கப்போகிறான்.

சரோஜாவை மறுபடி போன் போட்டு, அதை எறியச் சொல்லச் சொன்னேன். அவன் சிரிக்கிற சத்தம் எனக்கே கேட்டது. போனைப் பிடுங்கினேன்.

“குணா, உங்கிட்ட பேசறதுக்காகக் கூப்பிடல. அந்த டப்பாவைத் தூக்கிப் போடு.”

“அத்தான், அது சிபிடி. மயக்கம் வராது. கடைக்காரியே சொன்னா.”

“அதுவும் கஞ்சாச் செடியில இருந்து வர்றதுதான். மயக்கம் தர்ற டிஹெச்சி துளி கூடவே வரலாம். இல்லைன்னு டப்பா மேல போட்டிருந்தாலும் உள்ள இருக்கலாம். இங்க மயக்கம் வந்துச்சான்னு கேக்க மாட்டாங்க. கையில இருந்துச்சான்னுதான் பாப்பாங்க.”

“பூசுற தைலம்தானே? இங்க தெருவுக்குத் தெரு விக்கிறான்.”

“விக்கிறவன் உங்கூட துபாய்க்கு வர மாட்டான்.”

“உங்களுக்காகத்தான் ஆசையா வாங்கினேன் அத்தான்.”

“தெரியும். அதனாலதான் கத்துறேன்.”

போடுகிறேன் என்று அவன் சொல்லவில்லை. பிடிவாதத்தில் அவனும் என் ஜாதி. பேச்சுக்குப் படம் அடுக்க உட்கார்ந்தேன். மனம் ஓடவில்லை.

மே 9, சனி

ஏர்போர்ட். பாங்காக் விமானத்து ஆட்கள் வந்து தீர்ந்துவிட்டார்கள். குணாவைக் காணோம். போன் அணைந்திருக்கிறது. சரோஜா முருகனைக் கூப்பிட ஆரம்பித்தாள். நான் எந்த வக்கீலைத் தெரியும் என்று யோசித்தேன். ஒருவரையும் தெரியாது.

கடைசியில் வந்தான். தலையில் புதுத் தொப்பி. பின்னால் மனைவி, பிள்ளைகள்.

“ஒரு பெட்டி லேட்டுத்தான். போன்ல சார்ஜ் இல்ல.”

“டப்பா?”

“அங்கயே குப்பையில. நீங்க கத்தினதுல எல்லாப் பையையும் கொட்டிப் பார்த்தேன். ஆபீசுக்கு வாங்கின மிட்டாய் பாக்கெட்லயும் அதே இலை, சின்னதா. அதுவும் குப்பையில. வெறுங்கையா வந்துட்டேன் அத்தான்.”

நான் அவனைக் கட்டிப்பிடித்தேன் என்கிறாள் சரோஜா. முட்டி தடுமாறியது. பிடித்துக்கொண்டேன். அவ்வளவுதான்.

துபாய் தேராவில் பிரியாணி. பில்லுக்கு நானும் அவனும் சண்டை. நல்ல சண்டை.

மே 10, ஞாயிறு

ஹால் நிறைந்துவிட்டது. செயலாளருக்கே நாற்காலி இல்லை. மகிழ்ச்சி. வலிப்பு மருந்துப் பக்கம் வந்தபோது ஒருவரும் போன் பார்க்கவில்லை. பக்கத்தில் இருப்பவர் புகைத்தால் நம் டெஸ்டில் வருமா என்று ஓர் ஆடிட்டர் அம்மா கேட்டார். அறையையும் நேரத்தையும் பொறுத்தது, உறுதியாகச் சொல்ல நான் ஆளில்லை என்றேன். அதற்கும் தலையாட்டினார்கள்.

பிறகு குணா. யாரும் கூப்பிடாமலே எழுந்து மைக்கை வாங்கினான். பாங்காக் குப்பைத் தொட்டிமுன் டப்பாவைப் போடுவதும் எடுப்பதுமாக நின்றதை நடித்துக் காட்டினான். ஹால் அதிர்ந்தது. எனக்கு அந்தக் கைதட்டலில் பாதி இல்லை. டீ குடிக்கும்போதும் கூட்டம் அவனைச் சுற்றித்தான். அநியாயம்.

துபாய்த் தமிழ் வட்டமும் இந்தப் பேச்சு வேண்டும் என்கிறதாம், நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து பேச. அறிவியலுக்குப் பதினைந்து நிமிடம், அவனுக்கு ஐந்து என்றேன். பத்து வேண்டும் என்கிறான்.

இதை எழுதும்போது கூடத்தில் சரோஜாவுக்கு மறுபடி நடித்துக்கொண்டிருக்கிறான். இந்தத் தடவை கதையில் இரண்டு போலீஸ்காரர்களும் ஒரு நாயும் வந்துவிட்டார்கள். போய்த் திருத்த வேண்டும்.