விற்காத பங்குகள்

பல்லடம்
14.9.1997

அன்புள்ள மாமாவுக்கு,

மெர்சி எழுதுகிறேன். நானும் நம் மகள் அன்புச்செல்வியும் ஆண்டவர் கிருபையால் நலம். மஸ்கட்டில் நீங்கள் வேளாவேளைக்குச் சாப்பிட வேண்டும் என்பதே எங்கள் ஜெபம்.

போன ஞாயிற்றுக்கிழமை வஹீது பாய் கடைப் போனில் நீங்கள் அழுதீர்கள். பைனான்ஸ் கம்பெனியைப் பூட்டிவிட்டார்களாமே, ஏழு வருஷ உழைப்பும் போச்சே என்றீர்கள். நான் வாயெடுப்பதற்குள் லைன் அறுந்துவிட்டது. அன்றைக்கே 'பணம் பத்திரம்' என்று தந்தி கொடுத்தேன். விவரத்தை இதில் எழுதுகிறேன்.

மாமா, நம் பணத்தை நான் அங்கே போடவே இல்லை.

போன நவம்பரில் பம்பு கம்பெனிப் பங்குகளை விற்று பைனான்ஸில் போடச் சொன்னீர்கள். உங்கள் தம்பி தமிழ்வேந்தனும் வந்து, "பங்கு வெலை பாதியாப் போச்சுங்க அண்ணி. பைனான்ஸ்ல நூத்துக்கு முப்பது வட்டி தர்றாங்க. இன்னும் எதுக்குங்க இதையே கட்டிப் புடிச்சுட்டு இருக்கீங்க?" என்றார். அத்தனை வட்டியை அவர்கள் எந்தத் தொழிலில் சம்பாதிக்கிறார்கள் என்று கேட்டேன். "ஊரே போடுதுங்க அண்ணி" என்றார்.

பங்குப் பத்திரங்களோடு கோயமுத்தூருக்கு பஸ் ஏறினேன். புரோக்கர் ஆபீசுக்குப் போகும் முன், நீங்கள் லேத் மெஷின் ஓட்டிய அந்தப் பம்பு கம்பெனியை ஒரு தடவை பார்க்கத் தோன்றியது. கேட்டில் ஏழு லாரிகள் சரக்கு ஏற்றக் காத்து நின்றன. உங்கள் பழைய போர்மேன் நரசிம்மலு என்னை அடையாளம் கண்டு வெளியே வந்தார். விற்கத்தான் வந்தேன் என்றதும், "வெலை எறங்குனது மார்க்கெட்லதானுங்க அம்மிணி. இங்க மூணு ஷிப்ட்டும் ஓடுதுங்க. கம்பெனிக்குக் கடனும் கெடையாதுங்க" என்றார். அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

ஆனால் உங்கள் கோபத்துக்குப் பயந்து, பைனான்ஸில் 'போட்டாச்சு' என்று எழுதினேன். பத்து மாதமாக அந்தப் பொய் என்னை அரித்தது. சர்ச்சில் முழங்கால் போட்டாலும் அதுதான் முன்னால் வந்து நின்றது. பங்கு விலை இன்னும் இறங்கியபோது, நீங்கள் சொன்னதுதான் சரியோ என்று பத்திரங்களை எடுத்து எடுத்துப் பார்த்தேன்.

விலை இன்றும் ஏறவில்லை. ஆனால் போன வாரம் கம்பெனி லாபத்தில் நம் பங்குகளுக்கு டிவிடெண்ட் வந்தது, ஒன்பதாயிரத்து அறுநூறு ரூபாய். வேலையில் இருந்தபோது உங்களுக்குக் கொடுத்த இருநூறு பங்குகள் கம்பெனி இரண்டு தடவை கொடுத்த போனஸ் பங்குகளால் பெருகின. நீங்கள் அனுப்பியதில் மிச்சம் பிடித்து வருஷா வருஷம் நானும் கொஞ்சம் வாங்கிச் சேர்த்தேன். இனி வீட்டு வாடகையையும் அன்புவின் பள்ளிக் கட்டணத்தையும் வருஷத்துக்கு ஒரு தடவை வரும் இந்த டிவிடெண்டே பார்த்துக்கொள்ளும்.

தம்பிதான் பாவம். தறி வாங்க வைத்திருந்த நாற்பதாயிரமும் பைனான்ஸில் போய்விட்டது. மூன்று நாள் அந்தப் பூட்டிய கதவு முன்னாலேயே நின்றிருக்கிறார். இந்த டிவிடெண்டில் இரண்டாயிரம் அவர் வீட்டில் கொடுத்தேன். அவரும் நம் நல்லதுக்குத்தான் சொன்னார். கடுமையாக ஒரு வார்த்தை எழுதிவிடாதீர்கள்.

ஜனவரியோடு விசா முடிகிறது, இன்னும் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள் என்றீர்கள். நேற்று நரசிம்மலு கார்டு போட்டிருந்தார். கம்பெனியில் லேத்துக்கு ஆள் தேடுகிறார்களாம். அங்கே நீங்கள் வாங்குவதில் கால்வாசிதான் சம்பளம். நம் மூன்று பேர் சோற்றுக்கு அது போதும்.

பொய் சொன்னதற்கு உங்களுக்குக் கோபம் வரும். கடிதத்தில் மட்டும் திட்டாதீர்கள். நேரில் வந்து திட்டுங்கள் மாமா.

உங்கள்
மெர்சி