அரை டேங்குக்குக் கீழேயும் ஓடுது, அண்ணா

என் உயிரான அண்ணா,

நீ போன பிறகு உனக்குச் சொல்ல நல்ல சேதி ஒன்றுகூட என்னிடம் இருந்ததில்லை. இன்றைக்கு இருக்கிறது. உன் டீசல் வேன் நிற்காமல் ஓடுகிறது. ஓட்டுவது அண்ணி.

ஆமாம், நம்ம கலா அண்ணிதான். உன் காரியம் முடிந்த கையோடு சொந்தக்காரர்கள் வண்டியை விற்றுவிடச் சொன்னார்கள். அண்ணி நேராகப் போய் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தார். ஸ்கூட்டி பின்னால் உட்காரவே பயந்தவர் என்று நீ கேலி செய்வாயே, அவர்தான். கவரைப்பேட்டையிலிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு எங்கள் கம்பெனிப் பெண்களை நீ ஏற்றிப்போன அதே காலை டிரிப்பை அவரே எடுத்துக்கொண்டார். நான் எப்போதும்போல முன் சீட்டில்.

கொஞ்ச நாள் சரியாகத்தான் போனது. பிறகு வண்டி மக்கர் செய்யத் தொடங்கியது. சாவியைத் திருப்பினால் உடனே ஸ்டார்ட் ஆகும். கொஞ்ச தூரம் போய், திணறித் திணறி அணைந்துவிடும். பானட்டைத் திறந்து டீசல் ஃபில்டருக்கு மேலே இருக்கும் கை பம்பை அமுக்கினால் உயிர் வரும். அடுத்த திருப்பத்தில் மறுபடி நிற்கும்.

ஒருநாள் காலை மேம்பாலத்தின் ஏற்றத்திலேயே நின்றுவிட்டது. பின்னால் கண்டெய்னர் லாரி. அந்த டிரைவர் எப்படித்தான் பிரேக் பிடித்தாரோ, எங்கள் வண்டியை உரசாமல் நிறுத்திவிட்டார். இன்னொரு முறை இப்படி ஆனால் வேறு வேன் பேசிவிடுவோம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியுமா, சொல்?

தச்சூர் கூட்டு ரோட்டில் ஷெட் வைத்திருக்கும் உன் சிநேகிதர் பாஷா அண்ணனிடம் விட்டோம். மனுஷன் உனக்காகவே பாடுபட்டார். ஃபில்டரை மாற்றினார், பேட்டரியைப் பார்த்தார், ஒயர்களை ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்தார். வண்டி மறுபடியும் நின்றது. கடைசியில் டீசல் பம்பே போயிருக்கும், பேசாமல் விற்றுவிடுவது நல்லது என்றார். சொல்லும்போது அண்ணியின் முகத்தைப் பார்க்கவில்லை.

அண்ணி மீட்டரில் டீசல் முள்ளைக் காட்டிக் கேட்டார்:

"பாஷாண்ணா, டேங்க் ரொப்பிக்கினு போனா ஒயுங்கா போவுது. முள்ளு பாதிக்குக் கீழ எறங்கினாதான் நிக்குது. பம்பு கெட்டுப் போயிருந்தா, முள்ளைப் பாத்தா கெடும்?"

பாஷா அண்ணன் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "இத்த முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதாம்மா," என்றார். உள்ளே போய் ஒரு கேன் நிறைய டீசலோடு வந்தார்.

டேங்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றிவிட்டு, கேனிலிருந்து நேராக ஃபில்டருக்கு டீசல் விட்டார். இன்ஜின் ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. நாங்கள் டீ குடித்து முடித்தும் நிற்கவில்லை. அப்படியென்றால் இன்ஜினில் குறையில்லை, பம்பிலும் இல்லை. மறுபடி டேங்க் குழாயை மாட்டி, நடுவில் கண்ணாடி போன்ற ஒரு குழாய்த் துண்டைச் சேர்த்தார். அதற்குள் டீசலோடு குமிழ் குமிழாகக் காற்று வருவதை மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். அண்ணி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

டேங்கை இறக்கினார்கள். உள்ளே டீசலை உறிஞ்சும் குழாயில், பாதி உயரத்தில், முடி அளவு விரிசல். டேங்க் நிறைந்திருந்தால் விரிசல் டீசலுக்குள் மூழ்கிக் கிடக்கும். டீசல் இறங்கினால் அதன் வழியே காற்றை இழுக்கும், வண்டி நிற்கும். அவ்வளவுதான் அண்ணா, இத்தனை நாள் எங்களைப் பேஜார் பண்ணிய வியாதி.

நீ எப்போதும் டேங்கை ரொப்பியே வைத்திருப்பாய். அது பழக்கமா, இல்லை இந்த விரிசல் உனக்கு முன்பே தெரியுமா? யாரிடம் கேட்பேன்?

குழாயை மாற்றிய பிறகு அண்ணி வேண்டுமென்றே டீசல் போடவில்லை. முள் நன்றாகக் கீழே இறங்கும்வரை காத்திருந்தார். இன்றைக்குக் காலை, பெண்கள் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு அதே மேம்பாலத்தில் ஏறினார். நான் மீட்டரைப் பார்த்தேன், பின்னால் வரும் லாரிகளைப் பார்த்தேன். அண்ணி சாலையை மட்டும் பார்த்தார்.

உச்சியைத் தாண்டி இறங்கும்போது பின் சீட்டில் யாரோ கை தட்டினார்கள். பிறகு எல்லாரும் தட்டினார்கள். சிப்காட் வரைக்கும் ஒரே சிரிப்பு. கம்பெனி வாசலில் அண்ணி இன்ஜினை அணைத்தார், உடனே ஸ்டார்ட் செய்தார். திரும்ப அணைத்தார், திரும்ப ஸ்டார்ட் செய்தார். ஒவ்வொரு முறையும் ஒரே திருப்பில் பிடித்தது. செக்யூரிட்டிக்காரர் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார்.

"வண்டிய நா வுடமாட்டேன், செல்வி," என்றார் அண்ணி. அழுதுகொண்டே சிரித்தார். நீ போன பிறகு அந்தச் சிரிப்பை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

சாயங்கால டிரிப்பும் அண்ணிக்கே என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். அவர் ஒருத்தராகவே எவ்வளவு ஓட்டுவார்? அதனால் நானும் அதே டிரைவிங் ஸ்கூலில் பேர் கொடுத்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். அண்ணி களைத்துப்போகும் நாளில் அந்த ஸ்டீயரிங்கை நான் பிடிப்பேன் அண்ணா. இது உன்மேல் சத்தியம்.

உன் ஒரே தங்கச்சி,
செல்வி