அரை மணி நேரம் கழித்து

8 மார்ச் 1997, சனி

இரண்டுக்கு ஒன்று. ஜெயித்தோம், ஆனால் பார்க்கச் சகிக்கவில்லை. மழை, சேறு, அறுநூறு பேர்கூட இல்லை. கிழக்குப் பக்க ஒலிபெருக்கி மறுபடி கரகரக்கிறது. சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. இரண்டாவது கோலுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. இருந்தாலும் மைக்கில் என் வழக்கத்தை விடவில்லை.

"ஹால்பாக் ரயில்வே?" என்றேன். "ரெண்டு" என்று ரசிகர்கள் கத்தினார்கள். "விருந்தாளிகள்?" "பூஜ்யம்." விருந்தாளிகள் எத்தனை போட்டிருந்தாலும் நம் ஆட்களுக்கு அது பூஜ்யம்தான். "நன்றி" என்றேன். "பரவாயில்ல" என்று மொத்த மைதானமும் சொன்னது. முப்பத்தொரு வருடமாக இதே பேச்சு. என் மனைவி ரோஸ்விதாவோடுகூட நான் இவ்வளவு ஒழுங்காகப் பேசிக்கொண்டதில்லை.

ஆட்டம் முடிந்ததும் கழகத் தலைவர் பிர்க்ல்பாவர் என் அறைக் கண்ணாடியைத் தட்டினார். "திங்கக்கிழமை வீட்டுக்கு வா ஃபெர்டி. நல்ல சேதி ஒண்ணு இருக்கு." அந்த ஆள் வாயால் நல்ல சேதி என்றாலே எனக்குச் சந்தேகம்.

10 மார்ச், திங்கள்

சந்தேகப்பட்டது சரிதான். இணைப்பாம். நம் ரயில்வே கழகமும் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் நகரக் கழகமும் ஒன்றாகின்றனவாம். அறுபது வருடமாக ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத இரண்டு கூட்டம். சேர்ந்தால் முதல் பிரிவுக்குப் போய்விடலாம் என்கிறார். ஜன்னல் செய்கிற கம்பெனி ஒன்று பின்னால் நிற்கிறது. புதிய பெயரில் முதலில் ஜன்னல், அப்புறம் ஊர்.

"ரயில்வே எங்க வரும்?" என்று கேட்டேன்.

"அது எதுக்கு இன்னும்? ஸ்டேஷன் வேலைலேர்ந்து நீயே ரிட்டயர் ஆயிட்டே."

"மைதானம்?"

"பாப்போம்" என்றார். அந்தப் 'பாப்போம்' எனக்குத் தெரியும். அங்கே கார் நிறுத்துவார்கள்.

பிறகு கோர்டோபாவுக்கு வந்தார். "அன்னிக்கு ஜெர்மன்காரன அடிச்சோமே, அப்ப ரயில்வே, நகரம்னு பிரிஞ்சா ஆடினோம்?" இந்த நாட்டில் எதற்கும் கோர்டோபாதான் பதில். பத்தொன்பது வருடத்துக்கு முன் அந்த ஊரில் நடந்த உலகக் கோப்பை ஆட்டம், ஒரு மதியம், மூன்றுக்கு இரண்டு. அதற்கு முன்பே போட்டியிலிருந்து நாம் வெளியேறியாயிற்று என்பதை ஒருவரும் சொல்வதில்லை. ஏழு வருடம் முன்பு ஃபரோ தீவுக்காரர்களிடம் தோற்றதையும் சொல்வதில்லை. அந்தத் தீவுகளின் மொத்த ஜனத்தையும் இங்கே ஒரு பள்ளத்தாக்கில் அடைத்துவிடலாம்.

அவர் மனைவி கேக் கொண்டுவந்து வைத்தாள். சாப்பிட்டேன். ஏன் சாப்பிட்டேன்?

11 மார்ச்

ரோஸ்விதாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "கேக்கு நல்லா இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

16 மார்ச், ஞாயிறு

யாருமில்லாத மைதானத்தை ஒரு சுற்று நடந்தேன். காலடியில் இன்னும் அந்தக் கறுப்புச் சாம்பல். 1921இல் ரயில்காரர்கள் என்ஜின் சாம்பலைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து கொட்டிக் கட்டிய இடம் இது. அப்பா வேலை முடிந்து வந்து தள்ளியிருக்கிறார்.

1934 பிப்ரவரியில் அரசுக்கும் தொழிலாளர்களுக்கும் நடந்த சண்டை முடிந்த கையோடு தொழிலாளர் கழகங்களை எல்லாம் தடை செய்தார்கள். நம் வாசலுக்கும் போலீஸ் முத்திரை வைத்தது. நான்கு வருடத்தில் ஜெர்மன்காரன் வந்தான். வியன்னாவில் ஐரோப்பாவே வாய் பிளந்து பார்த்த அந்த அற்புத அணியைக் கலைத்துத் தன் அணிக்குள் போட்டுக்கொண்டான். இங்கே தன் நாட்டு ரயில்வேயின் பெயரை நம் பலகையில் மாட்டினான். 1945இல் கிழக்குப் படிகள்மேல் குண்டு விழுந்தது. அந்தப் பள்ளத்தையும் சாம்பலால்தான் மூடினார்கள். பெயர் போனபோதெல்லாம் திரும்பி வந்தது.

இப்போது துப்பாக்கிகூட வேண்டாம், ஒரு ஜன்னல் வியாபாரி போதும்.

5 ஏப்ரல், சனி

ஒன்றுக்கு ஒன்று. புதிய சட்டையின் படம் யார் கையிலிருந்தோ வெளியே வந்துவிட்டது. நம் நீலம், அவர்கள் சிவப்பு, இரண்டையும் கலக்கிக் கத்தரிப்பூ நிறம். ஷோர்ஷ் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தான். "குத்து வாங்கின கண்ணு மாதிரி இருக்கு" என்றான். நாற்பது வருட நண்பன். அவன் ரயில் ஓட்டினான், நான் ஸ்டேஷனில் அறிவித்தேன். இங்கே அவன் முரசு அடிக்கிறான், நான் மைக்கில் பேசுகிறேன். இன்று அவன் முரசு அடிக்கவில்லை.

19 ஏப்ரல், சனி

ஆட்டத்துக்குப் பிறகு கேன்டீனில் எல்லோரும் கூடினோம். மே 23 பொதுக்குழு. இணைப்புக்கு உறுப்பினர்கள் ஓட்டுப் போட வேண்டும். அந்த மாதக் கடைசிக்குள் ஃபுட்பால் சங்கத்துக்கு எழுதிக் கொடுக்காவிட்டால் இந்த வருடம் இணைப்பு இல்லை. ஜன்னல்காரனும் காத்திருக்க மாட்டான்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. பெருமையாகத்தான் இருக்கிறது. எழுதி வைக்கிறேன்: விதிப்படி பாதி உறுப்பினர்கள் வந்தால்தான் பொதுக்குழு செல்லும். மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். பிர்க்ல்பாவர் பக்கம் இருபது பேர் தேறினால் அதிகம். நாம் உள்ளேயே போகக் கூடாது. வாசலில் நின்று பாடுவோம். கூட்டம் செல்லாது, கெடு தாண்டிவிடும்.

கேன்டீன் நடத்தும் ஹெர்மி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "நாமதான் அதிகம். உள்ள போயி கை தூக்கிட்டு வந்துட்டா ஆச்சு. எதுக்கு இந்தச் சுத்து வளைச்ச வேலை?"

"உள்ள போனா அவருக்கு மரியாதை குடுத்த மாதிரி ஆயிடும்" என்றேன். எல்லோரும் மேஜையைத் தட்டினார்கள். ஹெர்மி பீர்க் கோப்பைகளைக் கழுவப் போய்விட்டாள்.

10 மே, சனி

இடைவேளையில் மைக்கிலேயே சொல்லிவிட்டேன். "இருபத்துமூன்றாம் தேதி பொதுக்குழு. ரயில்வே நண்பர்கள் உள்ளே போகாமல் வாசலில் நிற்கவும்." ஸ்டேஷனில் பேசுகிற அதே குரலில், நிறுத்தி நிதானமாக. கைதட்டல் கோலுக்குக் கிடைப்பதைவிட அதிகம். மேலே பிர்க்ல்பாவர் சிரித்துக்கொண்டிருந்தார். ஏன் சிரிக்கிறார் என்று தெரியவில்லை.

23 மே, வெள்ளி

முடிந்தது. நான் முடித்தேன்.

24 மே, சனி

எழுதித்தான் ஆக வேண்டும்.

நூற்று நாற்பது பேர் வாசலில் நின்றோம். நல்ல வெயில். ஷோர்ஷ் முரசு கொண்டுவந்திருந்தான். ஆறு மணிக்குக் கூட்டம். உள்ளே பத்தொன்பது பேர், நானே எண்ணினேன். ஆறு அடித்ததும் ஒரு கத்தல் போட்டோம், பக்கத்துத் தெரு ஜன்னல்கள் எல்லாம் திறந்தன. சிலர் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்தார்கள். ஒருவன் என்னைத் தூக்கவே பார்த்தான்.

ஆறு முப்பத்தைந்துக்குக் கதவு திறந்தது. பிர்க்ல்பாவர் பீர்க் கோப்பையோடு வந்து படியில் நின்றார். "முடிஞ்சுது. பத்தொம்பது ஓட்டு, ஒருமனதா."

"செல்லாது" என்று கத்தினேன்.

"ஃபெர்டி, வருஷா வருஷம் நீதானேப்பா வாசிப்பே. நீ வெளியவே நின்னுட்டே, அதனால இந்த வருஷம் நானே வாசிச்சேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. 

ஒவ்வொரு வருடமும் ஆறு மணிக்குப் பாதிப் பேர் வந்திருக்க மாட்டார்கள். ஒரு வருடம்கூட வந்ததில்லை. அப்போது நான் எழுந்து, தாமதமாக வரும் ரயிலை அறிவிக்கிற மாதிரி, எல்லோரும் சிரிக்க வாசிப்பேன்: "போதிய உறுப்பினர்கள் வராததால் கூட்டம் அரை மணி நேரம் கழித்து, வந்தவர்கள் எத்தனை பேராயினும், நடைபெறும்." உடனே எல்லோரும் ஹெர்மியிடம் பீர் வாங்க ஓடுவார்கள். அந்த அரை மணிக்கு நாங்கள் வைத்த பெயரே பீர் அரைமணி. விதி என்று யார் நினைத்தார்கள்? அது பீர் குடிக்கிற நேரம், அவ்வளவுதான். முப்பத்தொரு தடவை வாசித்தேனே, எத்தனை பேராயினும், எத்தனை பேராயினும் என்று. என் வாயால் வந்ததை என் காது ஒரு தடவையாவது கேட்டிருக்கக் கூடாதா? நூற்று நாற்பது பேர் உள்ளே போய்க் கை தூக்கியிருந்தால் போதும். ஹெர்மி சொன்னாளே. நான்தானே தடுத்தேன்.

பாட்டு நின்றுவிட்டது. ஷோர்ஷ் என்னைப் பார்த்தான். "நீ வாசிக்கறதுதானே அது?" என்று கேட்டான். ஆமாம் என்று தலையாட்டினேன். முரசைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

போலீஸால் முடியவில்லை, ஜெர்மன்காரனால் முடியவில்லை, குண்டால் முடியவில்லை. என்னால் முடிந்தது.

27 மே

ரொட்டி வாங்கப் போனேன். வரிசையில் நின்ற நான்கு பேரையும் தெரியும். வானிலையைப் பற்றிக்கூட ஒருவரும் பேசவில்லை.

7 ஜூன், சனி

கடைசி ஆட்டம். மூவாயிரம் பேர். இவ்வளவு நாளும் எங்கே இருந்தீர்கள் என்று மைக்கில் கேட்கத் தோன்றியது. கேட்க எனக்கு என்ன யோக்கியதை?

எண்பத்திரண்டாவது நிமிடத்தில் நம் கோல். ஒன்றுக்கு பூஜ்யம். "ஹால்பாக் ரயில்வே?" என்றேன். "ஒண்ணு." "விருந்தாளிகள்?" "பூஜ்யம்." அதுவரை சரியாகத்தான் போனது. "நன்றி" என்றேன்.

ஒருவரும் வாய் திறக்கவில்லை. மூவாயிரம் பேர். கிழக்கு ஒலிபெருக்கி கரகரப்பது மட்டும் கேட்டது. பேசி வைத்துக்கொண்டு செய்தார்களா, தானாக வந்ததா, தெரியவில்லை. தானாக வந்திருந்தால் அது இன்னும் மோசம்.

மைக்கை அணைத்தேன். மீதி எட்டு நிமிடமும் அணைத்தபடியே இருந்தது. மாற்று ஆட்டக்காரன் பெயரைக்கூட அறிவிக்கவில்லை.

3 ஜூலை

பிர்க்ல்பாவர் போன் செய்தார். புதிய கழகத்துக்கும் நானே அறிவிக்க வேண்டுமாம். "உன் குரல் இல்லாம எப்படி ஃபெர்டி? ஊரு உன்ன மறக்காது." மறக்காது, அது எனக்கே தெரியும். வேண்டாம் என்று வைத்துவிட்டேன். ஆனால் சொல்வதற்கு முன் ஒரு நிமிடம் யோசித்தேன். அந்த ஒரு நிமிடத்தைப் பற்றி ரோஸ்விதாவிடம் சொல்லவில்லை.

26 ஜூலை, சனி

ஆற்றுக்கு அக்கரையிலிருந்து புதிய அறிவிப்பாளனின் சத்தம் தோட்டம்வரை கேட்கிறது. கோல் விழுந்தால் டிஸ்கோப் பாட்டு போடுகிறான். நம் மைதானத்தில் கோல் கம்பங்களைப் பிடுங்கிவிட்டார்கள். சாம்பலை அள்ள லாரி வருகிறது.

17 அக்டோபர், வெள்ளி

ஹெர்மி நேரே வீட்டுக்குள் வந்தாள். "கோட்ட மாட்டு. பழைய ஆளுங்க சேந்து புதுசா ஒரு கழகம் பதியறோம். கடைசிப் பிரிவுலேர்ந்து ஆரம்பம்."

"என்னை யாரும் கூப்பிடலயே."

"யாரும் கூப்பிடல. நான் கூப்பிடறேன். எனக்கும் உன்மேல கோவந்தான், அதனால சீக்கிரம் கெளம்பு."

அவள் வீட்டுச் சமையலறையில் இருபத்தாறு பேர். ஷோர்ஷ் என்னைப் பார்க்கவே இல்லை. பழைய பெயரைப் பிர்க்ல்பாவர் எழுதி விற்றுவிட்டார், நமக்கு உரிமையில்லை. அதனால் பெயர் 'சாம்பல் மைதானம்'. மாவட்ட அலுவலகம் தரும் அச்சடித்த மாதிரி விதிகளை ஹெர்மி என் முன்னால் வைத்தாள். "வாசி. நல்லா, காதுல விழற மாதிரி."

வாசித்தேன். பன்னிரண்டாவது பிரிவில் அதே வாக்கியம், புள்ளி மாறாமல். குரல் நின்றுவிட்டது. எல்லோரும் மேஜைத் துணியைப் பார்த்தார்கள்.

"முழுசா" என்றாள் ஹெர்மி.

எத்தனை பேராயினும் என்பதுவரை முழுதாக வாசித்தேன். அவள் பேனாவை நீட்டினாள். அந்த வாக்கியத்தை நானே கோடு போட்டு அடித்தேன், மறுபக்கம் காகிதம் கிழிகிற அளவுக்கு. அறிவிப்பாளர் யார் என்று பேச்சு வந்தபோது ஷோர்ஷ் பெயரைச் சொன்னார்கள். என்னை வாசலில் டிக்கெட் கிழிக்கச் சொன்னார்கள். சரி என்றேன்.

22 ஆகஸ்ட் 1998, சனி

முதல் ஆட்டம். பக்கத்து ஊரில் வாடகை மைதானம். வேலிக்கு அப்பால் மாடுகள். தொண்ணூற்று மூன்று டிக்கெட் கிழித்தேன். ஒலிபெருக்கி கிடையாது, ஷோர்ஷ் ஒரு பெஞ்சின்மேல் ஏறி, கையைக் குவித்துக் கத்தினான்.

ஒன்றுக்கு நான்கு, தோற்றோம். நம்முடைய அந்த ஒரு கோல் எழுபதாவது நிமிடத்தில், எதிர்க் கோல்காரன் கையிலிருந்து நழுவி உள்ளே போனது. நான் வாசலை விட்டு வேலியோரமாக வந்து நின்றேன்.

"சாம்பல் மைதானம்?" "ஒண்ணு." "விருந்தாளிகள்?" "பூஜ்யம்." நான்கு வாங்கியிருக்கிறோம், கூச்சமே இல்லாமல் பூஜ்யம் என்றார்கள். "நன்றி" என்றான் ஷோர்ஷ். "பரவாயில்ல" என்றார்கள்.

என் வாயும் திறந்தது. கூட்டம் சொல்கிற அந்த வார்த்தையை நான் ஒரு நாளும் சொன்னதில்லை, எப்போது எடுக்க வேண்டும் என்று தெரியவில்லை. எல்லோரும் சொல்லி ஓய்ந்த பிறகு என் குரல் மட்டும் தனியாக, ஸ்டேஷனில் கேட்கிற மாதிரி கேட்டது. "பரவாயில்ல."

எல்லாத் தலையும் திரும்பியது. ஷோர்ஷும் திரும்பினான். பதினைந்து மாதத்தில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தான்.

"வண்டி லேட்டு" என்றான்.

சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன், சரியாக வரவில்லை. பிறகு டிக்கெட் பெட்டியைத் திறந்துபோட்டு வந்தது நினைவுக்கு வந்து வாசலுக்குப் போனேன்.