களியில் விழுந்த தேயிலைத் தண்ணீர்

12 ஜூலை 1961, புதன்

காய்ச்சல் விட்டுப் பத்து நாளாகியும் செல்லம்மாளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இன்றும் சாப்பிடாவிட்டால் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லியிருந்தார் டாக்டர். கல்யாணமான நாள் முதல் அவள் ஆண்ட அடுக்களையில் இன்று நான் உளுந்தங்களி கிண்டினேன்.

கருப்பட்டியைக் கரைத்து, மண் தெளிய ஒரு செம்பில் வைத்திருந்தேன். பக்கத்துச் செம்பில் காலையில் மிஞ்சிய தேயிலைத் தண்ணீர். குற்றாலச் சாரலில் அடுக்களை ஒரே இருட்டு. மாவில் தேயிலைத் தண்ணீரை ஊற்றிவிட்டேன். வேறு மாவு இல்லை. கருப்பட்டியையும் நல்லெண்ணெயையும் சேர்த்துக் கிளறிக் கொடுத்தேன்.

"என்ன வாத்தியாரே, களியில தேயிலை மணக்குது?"

"செம்பு மாறிப்போச்சு. வேண்டாம்னா வச்சிரு."

"யாரு வேண்டாம்னா? காய்ச்சல் வாய்க்கு இனிப்புன்னாலே திகட்டுச்சு. இது துவர்ப்பா இருக்கு, இறங்குது. இன்னொரு உருண்டை வைங்க."

மூன்று உருண்டை சாப்பிட்டாள். கடவுளுக்கு நன்றி.

வழி தப்பாக இருந்தால், விடை சரியாக வந்தாலும் பிள்ளைகளுக்குச் சுழிதான் போட்டிருக்கிறேன். இன்று எனக்கு அவள் முழு மதிப்பெண் போட்டுவிட்டாள். நாளைக்கும் இதே களிதான் வேண்டுமாம். எவ்வளவு ஊற்றினேன் என்பதுதான் நினைவில்லை.